டயாலிசிஸை எப்போது தொடங்க வேண்டும்? வடசென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டயாலிசிஸ் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என வடசென்னையின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் எங்களிடம் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் பலர் முதன்முதலில் வருவதே ஸ்ட்ரெச்சரில், நள்ளிரவில், மூச்சு வாங்கியபடிதான். சிறுநீரக நோய் இருப்பது பல மாதங்களுக்கு முன்பே தெரிந்தும் அப்படி வருகிறார்கள் என்பதுதான் மனதை வருத்துகிறது. நோயாளிகளும் அவர்களது வீட்டாரும் என்னிடம் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதிக்கும் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு இது உதவட்டும்.

அப்பாவுக்குக் கிரியாட்டினின் 6 வந்திருக்கிறது. உடனே டயாலிசிஸ் செய்ய வேண்டுமா சிஸ்டர்?

கிரியாட்டினின் என்பது இரத்தத்தில் சேரும் ஒரு கழிவு, சிறுநீரகம் நலிய நலிய அது ஏறும். ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. கிரியாட்டினின் 6 இருப்பவர் சாப்பிட்டு, தூங்கி, வேலைக்கும் போய்க்கொண்டிருக்கலாம். 6-ஐத் தொடாத இன்னொருவர் நுரையீரலில் நீர் கோத்துப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இரவைக் கழிக்கலாம். டயாலிசிஸ் முதலில் தேவைப்படுவது இரண்டாமவருக்குத்தான்.

எண் எவ்வளவு என்பதைப் போலவே அது எவ்வளவு வேகத்தில் ஏறியது என்பதும் முக்கியம். ஆறு மாதத்தில் 5.5, 5.7, 6 என்று மெல்ல ஏறியிருந்தால் நோய் தன் போக்கில் போகிறது என்று பொருள். போன மாதம் 2 இருந்தது இந்த மாதம் 6 ஆகியிருந்தால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது. கடுமையான வயிற்றுப்போக்கு, மூட்டுவலிக்காக மருந்துக் கடையில் வாங்கி விழுங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரை, சிறுநீர்ப் பாதையில் கல், ப்ராஸ்டேட் அடைப்பு, தொற்று என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் எண் இறங்கவும் கூடும். இதனால்தான் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு அந்த ஃபைலைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ரிப்போர்ட்டில் ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்று இன்னொரு எண் இருக்கிறதே, அது என்ன?

சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தை வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு அது. கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 90-ம் அதற்கு மேலும் இயல்பான அளவு. 30-க்குக் கீழே வந்தால் சிறுநீரக நோயின் நான்காம் நிலை, 15-க்குக் கீழே போனால் கடைசி நிலையான ஐந்தாம் நிலை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் 35 வயது ஆணுக்கும், 68 வயதுப் பெண்மணிக்கும் கிரியாட்டினின் ஒரே மாதிரி 4 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் அவருக்கு வடிகட்டும் திறன் 19 அளவில் இருக்கும், அந்த அம்மாவுக்கு 12-தான். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றி மெலிந்த உடம்பில் அது குறைவாகவே சுரப்பதால், அந்த 12 கூட உண்மை நிலையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒல்லியான, வயதான பெண்களின் ரிப்போர்ட்டைப் பார்த்து, ‘பக்கத்து வீட்டுக்காரருக்கு 8 இருந்தது, இவருக்கு 4-தானே’ என்று குடும்பம் அசட்டையாக இருந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறோம். தயவுசெய்து அப்படி ஒப்பிடாதீர்கள்.

சீக்கிரமே தொடங்கிவிட்டால் உடம்பு கெடாமல் இருக்குமே, ஏன் காத்திருக்க வேண்டும்?

ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் எண்ணினார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 நோயாளிகளை வைத்து நடத்தப்பட்ட ‘ஐடியல்’ ஆய்வின் முடிவு 2010-ல் வெளியானது. ஒரு பிரிவினர் வடிகட்டும் திறன் 10 முதல் 14 வரை இருக்கும்போதே தொடங்க வேண்டும், மற்றவர்கள் 5 முதல் 7 வரை குறையும்வரை காத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முன்கூட்டியே தொடங்கியவர்கள் அதனால் கூடுதல் காலம் உயிர்வாழவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். காத்திருக்கச் சொன்ன பிரிவில் நான்கில் மூன்று பேருக்கு மேல் 7-ஐத் தொடும் முன்பே டயாலிசிஸ் தொடங்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் அறிகுறிகள்தான் காரணம். அவர்கள் மருத்துவரின் கண்பார்வையில் இருந்தார்கள், அறிகுறி தென்பட்டதும் தொடங்கிவிட்டார்கள். மருத்துவமனைப் பக்கமே வராமல் வீட்டில் இருப்பதைக் காத்திருத்தல் என்று சொல்ல முடியாது.

கனடா நாட்டு மருத்துவர்கள் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் எனக்குத் தெளிவாகப் படுகிறது. வடிகட்டும் திறன் 15-க்குக் கீழே போனதிலிருந்து நெருக்கமாகக் கவனித்துக்கொண்டே இருப்பது. அறிகுறி வந்தால் தொடங்குவது. அறிகுறி இல்லாவிட்டாலும் அந்தத் திறன் 6-க்கு வந்துவிட்டால் தொடங்குவது. தொடங்குவதைத் தள்ளிப்போடலாம், தயாராவதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நள்ளிரவு ஸ்ட்ரெச்சர்கள் வருகின்றன.

தேவையற்ற அவசரத்துக்கு ஒரு விலையும் உண்டு. இயந்திர டயாலிசிஸ் தொடங்கிய பிறகு, சிறுநீரகத்தில் மிஞ்சியிருந்த கொஞ்ச நஞ்சத் திறனும் வேகமாகக் குறையக்கூடும். இன்னும் சில மாதம் இயல்பாக வாழ்ந்திருக்கக் கூடியவர் வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்க வேண்டியிருக்கும்.

எந்தெந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சாப்பாட்டைக் கவனியுங்கள். மீன் குழம்பு என்றால் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டவர் இப்போது வாசனையே பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளுகிறாரா? காலையில் பல் துலக்கும்போது குமட்டுகிறதா? வாயில் இரும்பை நக்கியது போன்ற சுவை இருப்பதாகச் சொல்கிறாரா? இரத்தத்தில் கழிவு சேர்கிறது என்பதற்கு இவை அடையாளம். கூடவே எடை குறையும். ஆனால் காலில் நீர் தேங்கியிருந்தால் எடைக் கருவி அதைக் காட்டாது. சட்டை தோளில் தளர்ந்திருப்பதும் கன்னம் ஒட்டியிருப்பதும்தான் உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது தூக்கம். பகலில் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவது, இரவில் தூக்கம் வராமல் கால்களை ஆட்டிக்கொண்டே இருப்பது, தோல் முழுவதும் அரிப்பு, நிற்காத விக்கல். கணக்கு வழக்கில் கெட்டிக்காரராக இருந்தவர் மீதிச் சில்லறையில் தடுமாறுவது, பேச்சின் நடுவே தடம் மாறுவது. வயதாகிவிட்டது என்று வீட்டில் இவற்றைத் தள்ளிவிடுகிறோம். மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை இவை.

மூன்றாவது நீர். காலையில் முகம் உப்பியிருப்பது, மாலையில் கணுக்காலை அழுத்தினால் குழி விழுவது, மாத்திரைகள் கூடிக்கொண்டே போயும் இரத்த அழுத்தம் அடங்காமல் இருப்பது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை ஒன்று போய் மூன்று வைக்க வேண்டியிருக்கிறது என்றால், அடுத்த மாதப் பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்க வேண்டாம். அன்றே போங்கள்.

அறிகுறி எதுவுமே இல்லை என்று நோயாளி சொன்னால், வீட்டில் சமைப்பவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மெல்ல மெல்லக் குறைவதற்கு உடம்பு பழகிவிடுவதால் நோயாளிக்கே அது தெரிவதில்லை. சமைப்பவருக்கு மிஞ்சும் சோற்றின் அளவு தெரியும்.

சிறுநீர் நன்றாகத்தானே போகிறது. பிறகு எதற்கு டயாலிசிஸ்?

அளவு வேறு, தரம் வேறு. பழுதடைந்த சிறுநீரகத்தால் நீரை வெளியேற்ற முடிந்தும், யூரியா, பொட்டாசியம், அமிலம் ஆகியவற்றைப் போதுமான அளவு வெளியேற்ற முடியாமல் போகலாம். ஐந்தாம் நிலையிலும் நாளுக்கு ஒன்றரை லிட்டர் சிறுநீர் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். சிறுநீர் போவது நல்லதுதான். நீர்க் கோவை குறைவாக இருக்கும். ஆனால் அது மட்டும் போதாது.

பல வருடச் சர்க்கரை நோய் தானாகவே குறைந்துவிட்டது. இன்சுலின்கூட முன்பு போலத் தேவைப்படவில்லை. இது நல்லதுதானே?

இதைக் கேட்கும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் மகிழ்ச்சியைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்வது கடினமாக இருக்கும். இன்சுலினை உடம்பிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது செயலிழக்கும்போது போட்ட ஊசி நீண்ட நேரம் உடம்பில் தங்குகிறது, சாப்பாடும் குறைந்திருக்கிறது. அதனால்தான் சர்க்கரை இறங்குகிறது. பழைய அளவிலேயே ஊசியும் மாத்திரையும் தொடர்ந்தால் விடியற்காலையில் நினைவிழந்து கிடக்க நேரிடலாம். உடனே மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனதும் நிறுத்த வேண்டும்.

டயாலிசிஸ் இப்போது வேண்டாம் என்கிறார்கள், ஆனால் கையில் ஃபிஸ்டுலா ஆபரேஷன் மட்டும் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இயந்திரத்துக்கு நிமிடத்துக்குச் சில நூறு மில்லிலிட்டர் இரத்தம் போய் வர வேண்டும். நாம் நரம்பு என்று சொல்லும் சாதாரண இரத்தக் குழாய் அதைத் தாங்காது. முன்கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துவிட்டால், அழுத்தத்துடன் வரும் இரத்தம் அந்தச் சிரையை நாளடைவில் விரித்துத் தடிக்கச் செய்யும். இந்த இணைப்புதான் ஃபிஸ்டுலா. பிரெஸ்கியா, சிமினோ ஆகிய அமெரிக்க மருத்துவர்களும் அவர்களது குழுவினரும் 1966-ல் வெளியிட்ட முறை இது. இன்றும் இதைவிடச் சிறந்த வழி வரவில்லை. பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து நடக்கும் சிறிய அறுவைச் சிகிச்சைதான். ஆனால் அந்த நரம்பு ஊசி ஏற்றும் பக்குவத்துக்கு வர ஆறு வாரம் முதல் மூன்று மாதம்வரை ஆகும். சிலருக்கு முதல் முயற்சி பலிக்காமல் போவதும் உண்டு. ஆகவே, தொடங்க வேண்டிய காலத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பே செய்துவிடுவது நல்லது.

அந்த ஏற்பாடு இல்லாமல் அவசரமாக வந்தால் கழுத்து நரம்பில் குழாய் போடுவதைத் தவிர வழியில்லை. உயிரைக் காக்கும் குழாய்தான் அது, மறுக்கவில்லை. ஆனால் கிருமி நேராக இரத்தத்துக்குள் போக அது திறந்த கதவு. சென்னை வெயிலில் வியர்த்துக் கட்டு நனைகிறது, தலைக்குக் குளிக்க முடியவில்லை, ஒரு நாள் டயாலிசிஸின் நடுவே குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வருகிறது. கழுத்துக் குழாயால் வந்த தொற்றில் இளம் வயதினரை இழந்திருக்கிறோம். சில மாதம் முன்பே ஃபிஸ்டுலா செய்திருந்தால் அவர்களுக்கு அந்தக் குழாயே தேவைப்பட்டிருக்காது.

சிறுநீரக நோய் நான்காம் நிலை என்று தெரிந்த நாளிலிருந்து, எழுதுவதற்குப் பயன்படுத்தாத கையைப் பத்திரப்படுத்துங்கள். இரத்தம் எடுக்கவும் டிரிப் ஏற்றவும் வருபவரிடம், ‘இந்தக் கையில் வேண்டாம், அடுத்த கையின் புறங்கையில் எடுங்கள்’ என்று நீங்களே சொல்ல வேண்டும். அவர் அவசரத்தில் இருப்பார், உங்கள் நோயின் நிலை அவருக்குத் தெரிந்திருக்காது. ஃபிஸ்டுலா செய்த பிறகு அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, வளையலோ கடிகாரமோ இறுக்கமாகப் போடக் கூடாது, தலைக்கு அடியில் வைத்துத் தூங்கக் கூடாது. காசிமேட்டில் வலை இழுக்கும் தம்பிகளே, கயிற்றை அந்தக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். தினமும் காலையில் அதன்மேல் விரல் வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் நரம்பில் இரத்தம் உறைந்திருக்கலாம். சில மணி நேரத்துக்குள் வந்தால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

இதே காலத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு இரட்டை அளவு தேவை, போட்டு முடிக்க மாதங்கள் ஆகும்.

ஒருமுறை தொடங்கிவிட்டால் வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டும் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் முதல் டயாலிசிஸுக்குக் கையெழுத்துப் போட மறுத்து, நல்ல சிறுநீரகங்களை இழந்தவர்கள் உண்டு. திடீரெனப் பழுதான சிறுநீரகம் வேறு, நாள்பட்டு நலிந்த சிறுநீரகம் வேறு. மழைக்காலத்தில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு. அதில் சிறுநீரகம் நின்றுபோனால் சில முறை டயாலிசிஸ் செய்வோம், பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரகம் மீண்டுவிடும், டயாலிசிஸும் நின்றுவிடும்.

நாள்பட்ட நோயின் கடைசி நிலையில் தொடர வேண்டியிருக்கும் என்பது உண்மை. அப்போதும் காரணம் சிறுநீரகம்தான். டயாலிசிஸ் அந்த அடிமைத்தனத்தை உண்டாக்கவில்லை.

உணவுக் கட்டுப்பாட்டாலும் நாட்டு மருந்தாலும் தள்ளிப்போட முடியுமா?

உணவாலும் சரியான மருந்தாலும் ஓரளவு முடியும். உப்பைக் குறைப்பதே முதல் வேலை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் விட்டாலே காலில் தேங்கிய நீர் வடிவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். பொட்டாசியம் ஏறியிருப்பவர்களுக்கு இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடிச் சாறு ஆகாது. காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும், அதை வாங்க வேண்டாம். மிளகாய்ப்பொடி தூவி விற்கும் ஸ்டார் ஃப்ரூட் சிறுநீரக நோயாளிக்கு நஞ்சு. வலிப்பு வரை கொண்டுபோகும். அதே சமயம், பயந்துபோய்ப் பட்டினி கிடப்பதும் கெடுதல். மெலிந்துபோய் டயாலிசிஸுக்கு வருபவர்களின் நிலை நன்றாக இருப்பதில்லை.

என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியும் சூரணமும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உலோகங்கள் இருக்கின்றன, அவை சிறுநீரகத்தையே தாக்கும். யாரைக் கேட்டு எதைச் சாப்பிட்டாலும் அந்தப் பொட்டலத்தை எங்களிடம் காட்டுங்கள். திட்ட மாட்டோம்.

இயந்திரம் நல்லதா, வயிறு வழியாகச் செய்வது நல்லதா?

இயந்திரம் என்றால் பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். எண்ணூர், மணலிப் பக்கமிருந்து கண்டெய்னர் லாரி நெரிசலில் வந்து போகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வயிற்று முறையில் இரண்டு லிட்டர் திரவத்தை நாளுக்கு மூன்று நான்கு முறை வயிற்றுக்குள் விட்டு எடுக்க வேண்டும், வீட்டிலேயே செய்யலாம், வேலைக்கும் போகலாம். சுத்தமான ஓர் இடமும் கை கழுவும் ஒழுங்கும் கட்டாயம். ஒற்றை அறை வீட்டிலும் ஒரு மூலையை ஒதுக்கி அழகாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

பணத்துக்கு என்ன செய்வது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை இப்போதே வாங்கி வையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு உரியது. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் தேவைப்படும். ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சிறுநீரகவியல் துறை இருக்கிறது. நான்காம் நிலையிலேயே அங்கே புறநோயாளியாகப் பதிந்துகொண்டால் பிறகு எல்லாம் எளிது.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் செய்த பிறகுதான் போக வேண்டுமா?

தேவையில்லை. வடிகட்டும் திறன் 20-க்குக் கீழே வரும்போதே அதைப் பற்றிப் பேச்சைத் தொடங்கலாம். வீட்டில் தானம் தர ஒருவர் இருந்து எல்லாம் பொருந்தினால், டயாலிசிஸ் கட்டிலில் படுக்காமலேயே மாற்று அறுவைக்குப் போகலாம்.

தரகர் யாராவது அணுகினால் விலகி நில்லுங்கள். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்க் குடியிருப்பில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் கடன் தாங்காமல் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007-ல் வெளியாகி நாட்டையே உலுக்கியது. சொன்ன பணம் முழுதாகக் கிடைக்காமல், உடம்பும் நலிந்துபோனவர்கள் அவர்கள். அப்படி ஒருவரின் வறுமையிலிருந்து நம் வீட்டு நோயாளியின் உயிர் வர வேண்டாம்.

பாட்டிக்கு 82 வயது. இதய நோயும் இருக்கிறது. டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டுமா?

வேண்டாம் என்று முடிவெடுப்பதும் முறையான மருத்துவ முடிவுதான். மிக வயதான, வேறு பெரிய நோய்களும் உள்ளவர்களுக்கு டயாலிசிஸ் ஆயுளை அதிகம் நீட்டுவதில்லை, மருத்துவமனையில் கழியும் நாட்களே கூடலாம். மூச்சுத் திணறல், அரிப்பு, குமட்டல், வலி ஆகியவற்றுக்கு மருந்து கொடுத்து வீட்டிலேயே நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மருத்துவரின் தொடர்ந்த கவனிப்பு தேவை. பாட்டியிடம் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மகன்களும் மருமகள்களும் வராண்டாவில் கூடிப் பேசுகிறார்கள், உள்ளே நினைவோடு இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை.

எந்த நிலையில் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது?

படுக்க முடியாத மூச்சுத் திணறல், வலிப்பு, ஆளை அடையாளம் தெரியாத குழப்பம், முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் மட்டும் குறையும் நெஞ்சு வலி, கை கால் திடீரெனத் தளர்ந்து நாடித்துடிப்பு மந்தமாவது. கடைசியில் சொன்னது பொட்டாசியம் அபாய அளவைத் தாண்டியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இதயத்தை எந்த நேரமும் நிறுத்திவிடும். இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.5-க்கு மேல் என்று வந்தால், ஆள் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் அப்போதே கிளம்புங்கள்.

108-ஐ அழையுங்கள். ரிப்போர்ட் ஃபைல், காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, ஆதார், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டி வைத்திருங்கள். ஆம்புலன்ஸில் டிரிப் ஏற்ற வரும்போது ஃபிஸ்டுலா கையை மறக்காமல் சொல்லுங்கள். டயாலிசிஸ் வசதி உள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். சிறிய மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நேரத்தில்தான் பலரை இழக்கிறோம்.